ஊசிச் சீட்டு இல்லாதவன் உள்ளே நிற்கக் கூடாது

ஹோட்டல் மேனேஜருக்கு நிரந்தரமாக இரண்டு பயம் உண்டு: கூட்ட நேரத்தில் சாம்பார் தீர்ந்துவிடுமோ என்பது ஒன்று, ஹெல்த் இன்ஸ்பெக்டர் நுழைந்துவிடுவாரோ என்பது இன்னொன்று. தொண்ணூறுகளில் மலையாள நாட்டுப் பழவங்காடியில் ஒரு சைவ ஹோட்டலில் இரண்டையும் மாறி மாறி அனுபவித்தவன் நான். என்னைப் போல சாம்பார் வாளிக்கும் சர்க்காருக்கும் நடுவே முழித்தவர்களே, உங்களுக்குத்தான் இதெல்லாம் புரியும்.

திங்கட்கிழமைக்குள்

ஊரில் டைபாய்டு காய்ச்சல் பரவியிருந்த சமயம். ஒரு புதன்கிழமை இன்ஸ்பெக்டர் நேரே அடுக்களைக்குள் போனார். பாத்திரத்தைப் பார்ப்பார், தண்ணீர்த் தொட்டியைப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் ஆட்களைப் பார்த்தார். எல்லோரும் டைபாய்டு ஊசி போட்டுக்கொண்டு, அதற்குத் தரும் சீட்டை ஹெல்த் கார்டோடு சேர்த்துக் காட்ட வேண்டுமாம். "முதலாளி ஊர்ல இல்லை, கொஞ்சம் அவகாசம்..." என்று இழுத்தேன். நான் கரமனை அக்ரஹாரத்துக்காரன் என்பதால் எல்லோருக்கும் 'சாமி'தான், அவருக்கும் அப்படியே. பேனாவை மூடிக்கொண்டே பாதி மலையாளத்தில் சொன்னார்: "திங்களாழ்ச்ச ஞான் வரும். சீட்டு இல்லாத்த ஒருத்தன் அகத்து நின்னா, ஹோட்டல் பூட்டும் சாமீ."

மாஸ்டரின் வலது கை

தோசை மாஸ்டர் முருகேசன் வள்ளியூர்க்காரர். கொதிக்கிற எண்ணெய்க்கு அசராத மனுஷன், ஊசி என்றதும் வலது கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டார். அவர் ஊரில் யாருக்கோ ஊசி போட்டுக் கை விளங்காமல் போயிற்றாம். "இது அந்த ஊசி இல்லை மாஸ்டர்" என்றேன். என் குரல் எனக்கே நம்பும்படி இல்லை. ஏனென்றால் ஊசி என்றால் எனக்கும் சின்ன வயதிலிருந்தே உயிர் போய்விடும். வெளியில் சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

மாஸ்டர் பிள்ளையார் கோயிலுக்குப் போய், இன்ஸ்பெக்டருக்கு மாற்றல் வர வேண்டுமென்று தேங்காய் உடைத்துவிட்டு வந்தார். மாற்றல் வரவில்லை. சப்ளையர் சுடலைமணியும் மாஸ்டர் கட்சியில் சேர்ந்துகொண்டான். "சட்டம்னா சட்டம்தான்!" என்று அதட்டினேன். மாஸ்டர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "கையி போச்சுன்னா சட்டமா வந்து தோச சுடும், சாமி?"

காபிக்கு முன்னால் சீட்டு

விஷயம் எப்படியோ வெளியே கசிந்துவிட்டது. பக்கத்து ஸ்ரீவராகத்திலிருந்து தினமும் காபிக்கு வரும் ரிட்டயர்டு ஹெட்கிளார்க் ஒருவர், சுடலைமணியை நிறுத்திவைத்து, "ஊசி போட்டுண்ட சீட்டைக் காட்டு, அப்புறம் காபியை வை" என்றார். பக்கத்து மேஜைக்காரர், "அவன் உடம்பு, அவன் இஷ்டம். நீங்க யாரு கேக்க?" என்று எகிறினார். ஹால் முழுக்க இரண்டு கட்சி. சுடலைமணி டம்ளரோடு என் பக்கம் திரும்பினான். பாவம், சீட்டு இல்லையென்றால் திங்கட்கிழமை ஊருக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.

நான் ஓடிப்போய், "மாமா, நீங்க போட்டுண்டேளா?" என்று நைசாகக் கேட்டேன். அவர் அதிர்ந்து போனார். "எனக்கு எதுக்குடா? நான் சாப்பிடறவன்!"

செல்லத்துரை செய்த உபகாரம்

மாஸ்டரின் ஊர்க்காரன், பார்சல் கட்டும் செல்லத்துரைக்கு எதற்கும் பயம் கிடையாது. வெள்ளிக்கிழமையே ஊசி போட்டுக்கொண்டு சீட்டோடு வந்தான். சீட்டில் பேர் மட்டும்தான், போட்டோ கிடையாது. "பேரச் சொன்னாப் போதும் சாமி, மூஞ்சியையா பாக்காவ? மத்தவங்களுக்கும் நானே போட்டுட்டு வந்துருதேன்" என்றான்.

அப்போதே காதைத் திருகியிருக்க வேண்டும். செய்யவில்லை. மாஸ்டர் பேர், சுடலைமணி பேர் என்று துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். மூன்றாவதாக என் பேரையும் எழுதினேன். எழுதும்போது வெட்கமாக இருந்தது. அதைவிட நிம்மதியாக இருந்தது. சனிக்கிழமை மத்தியானத்துக்குள் மூன்று ஆஸ்பத்திரி ஏறி இறங்கி மூன்று சீட்டோடு வந்தான். இரண்டு கையையும் தேய்த்துக்கொண்டே சிரித்தான்: "எல்லா எடத்துலயும் இதான் மொத ஊசியான்னு கேட்டாவ, ஆமான்னு சொல்லிட்டேன்."

நாலு

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் எழுந்திருக்கவில்லை. உடம்பு கொதித்தது, இரண்டு தோளும் வீங்கியிருந்தன, பேச்சு குழறியது. மாஸ்டரும் நானும் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினோம். டாக்டர் கேட்டார்: "ஊசி ஏதாவது எடுத்தானா? எத்தனை?"

சொன்னால் ஹோட்டல் பூட்டும், என் வேலை போகும். சொல்லாவிட்டால் இவன் போய்விடுவான். வள்ளியூரில் அவன் பெண்டாட்டியும் இரண்டு குழந்தைகளும் இருக்கிறார்கள். "நாலு" என்றேன். "அதுல ஒண்ணு என் பேருக்கு." டாக்டர் என்னை ஒரு தரம் பார்த்தார், திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

பகல் முழுக்கக் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு பயம் அதற்கு முன்னும் பட்டதில்லை, பின்னும் பட்டதில்லை. சாயங்காலம் காய்ச்சல் இறங்கிக் கண்ணைத் திறந்தான். "ரொம்ப வலிக்கிறதாடா?" என்று கேட்டேன். தோளை மெதுவாகத் தொட்டுக் காட்டினான்: "ஒங்க பேருக்குப் போட்டதுதான் சாமி, ரொம்ப வலிக்கி."

மறுநாள் திங்கட்கிழமை விடிந்ததும், இன்ஸ்பெக்டர் வருவதற்குள், அந்த மூன்று சீட்டையும் கிழித்துப் போட்டுவிட்டு மாஸ்டரும் சுடலைமணியும் நானும் வரிசையில் நின்று ஊசி போட்டுக்கொண்டோம். எறும்பு கடித்த அளவுக்குக்கூட வலிக்கவில்லை என்பதைச் செல்லத்துரையிடம் சொல்லத்தான் எனக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை.