துவக்கு வாருக்கு ஒரு கொளுக்கி

என் கணவர் மான் வேட்டைக்கென்று சொல்லிச் செய்வித்த துவக்கு ஏறக்குறைய முடிந்திருந்தது. தோளில் மாட்டும் வாரை எதில் கொளுவுவது என்பதை மட்டும் நாங்கள் அன்று சொல்ல வேண்டும். சட்டன் என்ற ஊருக்கு அப்பால் இருந்த அந்தக் கடையில், குழந்தையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு நின்றேன்.

கடைக்காரர் இரண்டு வகை காட்டினார். ஒன்று, துவக்கின் மரக்கட்டையில் திருகி இறுக்கிய ஆணியில் மாட்டும் வளையம். மற்றது, பொத்தானை அமத்திக் கட்டையில் உள்ள குழிக்குள் செருகும் கொளுக்கி.

"இதுதான் வடிவு. சத்தமும் போடாது" என்று கணவர் பொத்தான் வகையைச் செருகினார். 'கிளிக்' என்று கேட்டது.

குழந்தையைக் கட்டும் பட்டியில் கிளிக் கேட்ட பிறகும் இழுத்துப் பார்ப்பவள் நான். கை தானாகப் போய் வாரை இழுத்தது. வார் கழன்று கையோடு வந்தது.

"அது வடிவாச் செருகுப்படேல்லை. உமக்கு எல்லாத்துக்கும் பயம்."

"மலை ஏறேக்குள்ள தோளால விழுந்தால்?"

"இழுத்துப் பாத்திட்டுத்தானே ஏறுவன்."

"இப்ப இழுத்துப் பாத்தனீங்களோ?"

அவர் வளையத்தை எடுத்து ஆட்டினார். "இது கிலுங்கும். மான் ஓடீரும்."

"ஓடட்டும்."

வளையத்தையே சொல்லிவிட்டு வெளியே வந்தோம். வாசலிலேயே எனக்கு அடுத்த சந்தேகம் வந்தது. திருகிய ஆணி நாளடைவில் தளராதா? கேட்டால் சிரிப்பாரோ என்று தயங்கித்தான் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. காரைத் திறந்து இருக்கச் சொல்லித் திறப்பை என்னிடம் தந்துவிட்டு, அதைக் கேட்கத் திரும்பக் கடைக்குள் போனார்.