மொட்டை மாடியில் அக்கா வளர்த்த பசலை

அக்கா கடைசி மூச்சு விட்டபோது கட்டிலருகே இருந்தவர்கள்: மகள் ஸ்டெல்லா. மருமகன். என் மனைவி. எதிர் வீட்டு சுபைதா அம்மா. ஒரு நர்ஸ், பெயர் கேட்கவில்லை. தம்பி நான். கத்திரி வெயில் நேரம், மாலை நான்கு மணி.

எனக்கு எழுத வராது. படிப்பு ஆறாவது வரைதான். "நினைவு மலர்ல நீதான் மாமா எழுதணும், நீதான் அம்மாகூட ஒண்ணா வளந்த" என்றாள் ஸ்டெல்லா. எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது சாந்தோமில். அப்பா படகுக்கு வர்ணம் அடித்தவர். அக்கா எட்டாவது வரை படித்தார். பத்தொன்பது வயதில் கல்யாணம். மாமா கட்டடங்களுக்கு பெயிண்ட் அடிப்பவர். ஸ்டெல்லாவுக்கு நான்கு வயதாகும்போது சாரத்திலிருந்து விழுந்தார். பிழைக்கவில்லை. அதன்பின் அக்கா அடையாறில் ஒரு பள்ளியில் ஆயாவாகச் சேர்ந்தார். இருபத்தாறு வருடம். லீவு போட்டதாக எனக்கு நினைவில்லை.

மாமா போனபின் வீட்டில் காலி பெயிண்ட் வாளிகள் கிடந்தன. பழைய இரும்புக்காரன் கேட்டான். அக்கா தரவில்லை. மாடிக்குக் கொண்டுபோய் அடியில் ஓட்டை போட்டு மண் நிரப்பினார். முதலில் தண்டுக்கீரை, பிறகு பொன்னாங்கண்ணி, பிறகு கொடிப்பசலை. கொடிப்பசலை சிவப்புத் தண்டு. பள்ளியில் ஒரு டீச்சரம்மா கொடுத்தது. வேறு கீரையெல்லாம் மே மாத வெயிலில் சுருண்டுவிடும். இது அப்போதுதான் ஏறும். மாடியின் கம்பி முழுக்க ஏறும்.

தளத்தின் சூடு வேருக்குப் போகக் கூடாது என்று வாளிக்கு அடியில் செங்கல் வைப்பார். தண்ணீர் விடிந்ததும் ஒரு முறை, வெயில் தாழ்ந்து ஒரு முறை. நுனியைத்தான் கிள்ளுவார். கிள்ளிய இடத்தில் இரண்டாகக் கிளைக்கும். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீடுகளில் கறி மீன் இல்லை. அந்த வெள்ளியெல்லாம் எங்கள் தெருவில் பாதி வீட்டில் அக்கா கொடுத்த பசலைதான். கேட்டவர்களுக்குத் தண்டும் ஒடித்துக் கொடுப்பார்.

"மாடி ஒழுவுது, காடு வளக்கிறியா?" என்று மூன்றாவது மாடிக்காரர் ஒருமுறை சண்டைக்கு வந்தார். "ஒழுவுற எடத்த காட்டு நைனா" என்றார் அக்கா. அவர் காட்டவில்லை. ஒரு கட்டுக் கீரையோடு இறங்கிப் போனார்.

போன வருடம் நெஞ்சில் நீர் சேர்ந்து அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். என்னிடம் ஒன்றுதான் கேட்டார். "எனக்கு ஒண்ணும் வாணாம்டா. பசலைய மட்டும் சாவ வுட்டுடாத."

நான் மீன் வண்டி ஓட்டுகிறவன். ஐஸ் வைத்து மீன் வரும் தெர்மாகோல் பெட்டி எனக்குச் சும்மா கிடைக்கும். அக்காவின் வாளிகள் வெடித்துப் போயிருந்தன. அவர் வருவதற்குள் எல்லாம் புதிதாக இருக்கட்டும் என்று பசலை முழுவதையும் மீன் பெட்டிகளுக்கு மாற்றினேன். முன்பு எப்போதாவது நான் கொடுத்த பெட்டியை மூன்று நாள் தண்ணீரில் ஊறவைத்துத்தான் அக்கா மண் போடுவார். நான் ஒரு முறை கழுவினேன். அவ்வளவுதான்.

ஒரு வாரத்தில் இலை ஓரம் கருகியது. வெயில் என்று நினைத்து இன்னும் தண்ணீர் ஊற்றினேன். தண்டு அழுகிவிட்டது. ஒன்றுகூட மிஞ்சவில்லை.

தினமும் கேட்பார். "பசலை எப்டிடா கீது?"

"நல்லா கீதுக்கா."

நான்கு நாள் அப்படிச் சொன்னேன். ஐந்தாம் நாள் தண்டு தேடிக் கிளம்பினேன். முதலில் சுபைதா அம்மா. "நேத்துதாம்பா வேரோட புடுங்கி கடைஞ்சேன். ராத்திரி வந்திருந்தா சட்டியிலருந்தாவது எடுத்துக் குடுத்திருப்பேன்" என்றார். மந்தைவெளியில் அந்த டீச்சரம்மா வீட்டில் தொட்டியே இல்லை. கடைசியாக பெசன்ட் நகர் போனேன். பள்ளியில் வாட்ச்மேனாக இருந்த ஏழுமலை அண்ணன் வீடு. வாசல் கேட் முழுக்கப் பசலை ஏறியிருந்தது. "ஆயாம்மா குட்த்ததுதான். எத்தினி வோணும்?" என்று இரண்டு தண்டு வெட்டித் தந்தார்.

நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். அக்கா தண்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"இது தரையில வளந்தது. எங்கருந்து புட்ச?"

சொன்னேன்.

"பொட்டிய ஊற வெச்சியா?"

"ஒரு தபா கழுவுனேன்."

தண்டை என் கையில் திருப்பிக் கொடுத்தார். பிறகு, "மீன் வண்டி ஓட்றவனுக்கு உப்பு தெர்லியாடா?" என்று சிரித்தார். இருமல் வந்தது. அது நிற்க நேரமானது. "மூணு நாளு ஊற வை. தெனம் தண்ணி மாத்து. ரெண்டு கணு மண்ணுக்குள்ள போவணும். நாலு நாளு நெழல்ல வை."

அன்று மாலையே பெட்டியை ஊறவைத்தேன். தண்டு இரண்டையும் தம்ளர் தண்ணீரில் வைத்தேன். மறுநாள் தண்ணீர் மாற்றினேன். அதற்கு மறுநாள் அக்கா போய்விட்டார். அன்றும் மாற்றினேன். அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது மூன்று நாள் ஆகியிருந்தது. தண்ணீரைக் கொட்டினேன். மண் போட்டு, இரண்டு கணு உள்ளே போக நட்டேன். நான்கு நாள் படிக்கட்டடியில் வைத்தேன்.

ஆஸ்பத்திரியில் மாறி மாறி உடன் இருந்த எதிர் வீட்டாருக்கும், மூன்று நாள் எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவிடாமல் சாப்பாடு கொண்டுவந்த எங்கள் கோயில் பங்கு மக்களுக்கும், அக்காவின் சவப்பெட்டியைத் தூக்கிய கைகளுக்கும், இரண்டு தண்டு தந்த ஏழுமலை அண்ணனுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

முதலாம் ஆண்டு நினைவுப் பூசை முடிந்து இந்த நினைவு மலரை வாங்கும்போது ஆளுக்கு ஒரு பசலைத் தண்டும் தருவோம். ஈரச் சாக்கில் சுற்றியிருக்கும். அன்றே நட்டுவிடுங்கள். எல்லோருக்கும் வருமா என்று ஸ்டெல்லா கேட்டாள். மாடிக்குப் போய் வெட்டக்கூடிய தண்டுகளை எண்ணினேன்.

நூற்றுப் பன்னிரண்டு.