பாதிக்கூடை அக்கா

கூட்டம் அடுத்த குடிசைக்கு நகர்ந்ததும் அக்கா கூடையைப் பிரிக்க ஆரம்பித்துவிடுவாள். பின்னுகிற வேகத்தைவிடப் பிரிக்கிற வேகம் அதிகம். பழங்குடி வாழ்க்கையை நேரில் காட்டும் அந்த அருங்காட்சியகத்தில் மூன்றாம் குடிசை அவளுடையது. யார் எப்போது வந்தாலும் கூடை பாதியில் இருக்க வேண்டும் என்பது மேலாளரின் கட்டளை. அப்போதுதான் வழிகாட்டிப் பெண் மைக்கில் ஒப்பிப்பதும் அக்காவின் கை செய்வதும் ஒத்துப்போகுமாம். உடன் வேலை பார்ப்பவர்கள் அவளுக்குப் பாதிக்கூடை என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

அதில் அவளுக்குக் கோபம் கிடையாது. காலையில் செல்போனையும் கைக்கடிகாரத்தையும் பானைக்குள் ஒளித்துவிட்டு, பாசிமணி மாட்டிக்கொண்டு உட்காருவாள். ராத்திரி இந்தக் குடிசையில்தான் தூங்குவீர்களா என்று யாராவது கேட்டால், "மூணாவது மாடிங்க, லிஃப்ட் கிடையாது" என்று உள்ளதைச் சொல்லிவிடுவாள். மேலாளர் தலையில் அடித்துக்கொள்வார். வாசல் கடையில் விற்கும் கூடைகள் ஏதோ தொழிற்சாலையிலிருந்து வேனில் வந்து இறங்குபவை. அவற்றைப் பார்த்தால் மட்டும் அக்காவின் முகம் கோணிக்கொள்ளும்.

மகளுக்கு இது நிறைமாதம். ஊருக்கெல்லாம் பின்னிக் காட்டுகிற அம்மா பிறக்கப்போகும் பேரப்பிள்ளைக்கு ஒரு தொட்டில் பின்னித் தரக் கூடாதா என்று கேட்டுவிட்டாள். கேட்டதில் என்ன தப்பு? ஆனால் அவள் பின்னுகிற நாணல் ஏரிக்கரையில் வளர்வது. ஏரி இப்போது அருங்காட்சியகத்தின் வேலிக்குள் இருக்கிறது. அவளுடைய சனம் காலங்காலமாக அறுத்த நாணலில் ஒரு கட்டுகூட அவள் வெளியே கொண்டுபோக முடியாது. மேலாளரிடம் கேட்டுப் பார்த்தாள். கெட்ட மனிதர் இல்லை. மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லி மறந்துபோகிற ரகம்.

ஞாயிற்றுக்கிழமை முதல் கூட்டம் போனபிறகும் அக்கா பிரிக்கவில்லை. கூட்டத்துக்குக் கூட்டம் கூடை நீண்டு தொட்டிலாகிக்கொண்டே வந்தது. வழிகாட்டிப் பெண் பாதிக் கூடையைப் பார்க்கச் சொன்னபோது சனங்கள் சிரித்தார்கள். கடைசிக் கூட்டத்தோடு மகளும் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து, வயிற்றைத் தாங்கியபடி முன்னால் உட்கார்ந்தாள். அக்கா நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். கை மட்டும் நிற்கவில்லை.

விஷயம் காதுக்கு எட்டி மேலாளர் ஓடிவந்தார். பக்கத்தில் குனிந்து, "அக்கா, பிரிச்சிடுங்க. மேல நான்தான் பதில் சொல்லணும்" என்றார்.

அக்கா குரலை உயர்த்தவில்லை. "இத்தனை வருஷமா நான்தான் பிரிச்சேன் சார். இதை என் கையால பிரிக்க மாட்டேன்" என்றவள், செருகாமல் விட்டிருந்த கடைசி நுனியை அவர் கையில் கொடுத்தாள். "இதை இழுத்தா விளிம்பு அவுந்துடும். மத்ததெல்லாம் தானா வந்துடும்."

யாரும் நகரவில்லை. மேலாளர் கையில் இருந்த நுனியைப் பார்த்தார். மகளின் வயிற்றைப் பார்த்தார். பிறகு மண்ணில் குத்தவைத்து உட்கார்ந்து, அதைப் பின்னலுக்குள் செருகினார்.

அவர் செருகிய பின்னல் கண் தப்பு. அக்கா அதை உருவி, அடுத்த கண்ணில் நுழைத்து, கட்டைவிரலால் அழுத்தினாள்.