வேலாயுதம் அண்ணனின் கம்பளிச் சவுக்காரம்

துறைமுகக் கரிமேட்டில் காலை மணி அடிக்கும் முன்பே செய்தி வந்துவிட்டது. கொருக்குப்பேட்டையிலிருந்து ஓடிவந்த, அண்ணனின் பக்கத்து வீட்டுக்காரர் என்னைத் தனியே கூப்பிட்டு, "வேலாயுதம் அண்ணன் தூக்கத்துலயே பூட்டாருப்பா. வூட்டுல யாரும் இல்ல, நீதான் வரணும்" என்றார். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு, பிள்ளைகுட்டி இல்லாமல் அந்த ஒற்றை அறையில் தனியாகவே கிடந்தவர். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போனதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. எதைத்தான் சொன்னார் மனுஷர்?

அவரோடு கரிக்கூடை தூக்கியவர்களுக்கு நம் குழாயடி வழக்கம் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வேலை முடிந்ததும் வரிசையாகக் குந்திக்கொண்டு, முன்னால் இருப்பவன் முதுகைப் பின்னால் இருப்பவன் தேய்ப்பான். பிறகு எல்லோரும் திரும்பி உட்கார்வோம். முதுகைக் கொடுத்தவன் இப்போது தேய்ப்பான். கரித்தூள் நம் கை எட்டாத இடமாகப் பார்த்துத்தான் போய் ஒட்டும். அந்த வரிசைக்குள் பகையாளிகூட முதுகைக் காட்டுவான்.

ஒருநாள் பளு தூக்கும் சங்கிலி அண்ணனின் இரண்டு கைகளையும் இழுத்துக்கொண்டது. ஒவ்வொரு கையிலும் கட்டைவிரலும் சுட்டுவிரலும்தான் மிஞ்சின. கூடை தூக்க முடியாமல் கரிமேட்டுக் காவலுக்கு வந்தார். காவல்காரன் மேலும் கரி பறந்து ஒட்டத்தான் செய்யும். ஆனால் சவுக்காரக் கட்டி அவர் கையில் நிற்கவில்லை, நழுவி நழுவி விழுந்தது. வரிசையை விட்டு விலகிக்கொண்டார். நான் போய்க் கூப்பிட்டேன். "தேய்க்க முடியாதவன் இன்னாத்துக்கு அங்க வந்து குந்தணும்?" என்று கேட்டுவிட்டு நடந்தார்.

ஒரு கப்பல் சமையல்காரனிடம், கையில் வழுக்காமலிருக்கக் கம்பளி உடுத்திய சவுக்காரம் ஒன்றை அவர் பார்த்திருக்கிறார். எனக்குச் சொன்னது, "ரோமம் வேணும், வெள்ளையா" என்று மட்டும்தான். எங்கள் பேட்டையில் வெள்ளையாக இருப்பதெல்லாம் பஞ்சுதானே. மைத்துனன் வேலை பார்த்த ஆலையிலிருந்து ஒரு மடி கழிவுப் பஞ்சு கொண்டுபோனேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுவதும் இருவரும் அதைச் சவுக்காரத்தின் மேல் சுற்றிச் சுற்றித் தேய்த்தோம். அது ஊறிப்போன தோசைமாதிரி பிய்ந்து வந்தது. அண்ணன் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பிறகு புளியந்தோப்பில் ஆடு அறுக்கும் தொட்டியில் சொல்லிவைத்து, பல்லாரிப் பக்கமிருந்து வந்த ஆடுகளின் ரோமம் வாங்கினார். அலசிக் காயவைத்து, கோதி, சவுக்காரத்தின் மேல் நெடுக்காக ஒரு சுற்று, குறுக்காக ஒரு சுற்று. வெந்நீரைத் தெளித்து, உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து உருட்டுவார். முதலில் குழந்தைக்கு எண்ணெய் வைப்பதுபோல மெதுவாக, ரோமம் ஒன்றோடொன்று பின்னிக்கொண்ட பிறகு அழுத்தி. கொஞ்ச நேரத்தில் அது சுருங்கிக் கட்டியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். நான் கை கொடுக்கப் போனபோது தடுத்தார். "எடுத்தவொடனே அமுக்குனா ஓடிப்பூடும். நைஸா போனாதான் புடிச்சிக்கும்."

அந்தக் கம்பளிக் கட்டியோடு ஒரு சாயங்காலம் வரிசைக்கு வந்தார். என் பின்னால் குந்தினார். கட்டி வழுக்கவில்லை. கம்பளி சொரசொரவென்று போக, நுரை பொங்கியது. அப்படி ஒரு தேய்ப்பை என் முதுகு அதற்குமுன் கண்டதில்லை என்று சத்தியமே செய்வேன். எல்லோரும் திரும்பி உட்கார்ந்தபோது அண்ணன் எழுந்துவிட்டார். உட்காருங்கள் என்று கையைப் பிடித்தேன். "ரெண்டு வெரலால தேய்ச்சதுக்கு அஞ்சு வெரலால வாங்கிக்கிறது நாயம் இல்லபா" என்றார். அதன்பின் தினமும் வந்தார், என்னைத் தேய்த்தார், நாங்கள் திரும்பும்போது எழுந்து போனார். ரோஷக்காரர், விட்டுவிடுவோம் என்று நண்பர்கள் சொன்னார்கள். வருஷக்கணக்கில் விட்டுவிட்டோம்.

மூலக்கொத்தளம் மயானத்துக்கு எடுத்துப்போகும் முன் அவரைக் குளிப்பாட்டினோம். முகம், கை, கால் எல்லாம் அவர் வைத்திருந்தபடியே சுத்தமாக இருந்தன. குப்புறப் புரட்டியதும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில், அவர் கை எட்டாத இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குக் கரி படிந்திருந்தது. தோலோடு தோலாக, பழங்கரி. நான் அழுதுகொண்டே தேய்த்தேன். சீக்கிரத்தில் போகவில்லை. வாய்விட்டுத் திட்டவும் செய்தேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா, பாவி மனுஷா?

அவருடைய சவுக்காரம் எதையும் நான் எடுத்துவரவில்லை. அவரால் எனக்கு வந்து சேர்ந்தது ஒரு பழக்கம்தான். குழாயடியில் யாராவது விலகி நின்றால், இப்போதெல்லாம் நான் கேட்பதில்லை. நேரே போய் முதுகில் கை வைத்துவிடுகிறேன். சிலர் திட்டுகிறார்கள். திட்டட்டும்.