மூதிக்கு எத்தனை மதிப்பெண்?

மும்பை செம்பூரில் நான் மதிப்பீடு செய்யப் போன முதல் நர்சிங் ஹோமில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஆயா வேலை பார்க்கும் ஒரு மௌஷி ஒரு பெரியவரைப் பார்த்து, "சவத்து மூதி" என்றாள். என்னுடன் வந்திருந்த வெங்கட்ராமன் சாரின் பேனா அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. அங்கே நின்று சிரித்தால் என் வேலைக்கு ஆகாது. லினன் அலமாரியைப் பரிசோதிப்பதுபோல் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டேன். போர்வைகள் சுத்தமாக இருந்தன. அதையும் குறித்துக்கொண்டேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பி.எஸ்ஸி. நர்சிங் முடித்து, சில வருடம் ஐ.சி.யூ.வில் இருந்துவிட்டு, முதியோரை வைத்துப் பராமரிக்கும் நர்சிங் ஹோம்களுக்கு கிரேடு கொடுக்கும் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். அப்பா அம்மாவை எங்கே சேர்ப்பது என்று தவிக்கிற பிள்ளைகள் எங்கள் கிரேடைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். வெங்கட்ராமன் சார் மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பம். எனக்கு சீனியர். நல்ல மனிதர். ஆனால் தமிழ் என்றால் அவர் வீட்டில் பேசுவது ஒன்றுதான் என்று நினைத்திருந்தார். நான் தாராவி. அப்பா ஊர் திருநெல்வேலியில் நாங்குநேரிப் பக்கம்.

1. நுழைந்ததும் பார்க்க வேண்டியவை

வரவேற்பறையை நம்பாதீர்கள். அங்கே எப்போதும் பூ இருக்கும். நேராகக் கட்டில்களுக்குப் போங்கள். காலிங் பெல் எந்தக் கை பக்கம் இருக்கிறது? வலது கை விழுந்துபோனவருக்கு வலது பக்கம் பெல் வைத்திருந்தால் அது பெல் இல்லை, அலங்காரம். தண்ணீர் தம்ளருக்கும் இதே கேள்வி. நகங்களைப் பாருங்கள். குதிகால், இடுப்பு எலும்பு மேல் தோல் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் நன்றாக இருந்தாலும் சாப்பாட்டு நேரம் வரை காத்திருங்கள். ஒரு நர்சிங் ஹோமின் உண்மையான முகம் ஸ்பூனில் தெரியும்.

அந்த ஹோமின் உரிமையாளர் வந்தனா தாய். மராட்டிக்காரர் ('தாய்' என்றால் மராட்டியில் அக்கா), படபடப்பான பெண்மணி. காலையிலிருந்து எங்கள் பின்னாலேயே வந்து, நாங்கள் எதைப் பார்த்தாலும் "டீக் ஹை நா?", சரியாக இருக்கிறதா, என்று கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் டீக்காகத்தான் இருந்தது. சாப்பாடு வரும் வரை.

2. சிவப்புக் கட்டம்

எங்கள் படிவத்தில் ஒரே ஒரு சிவப்புக் கட்டம் உண்டு. வெர்பல் அப்யூஸ். ஊழியர் ஒருவர் அங்கே இருப்பவரைத் திட்டுவதை நாங்கள் நேரில் கேட்டாலோ, திட்டு வாங்கியவரே எங்களிடம் சொன்னாலோ, இருவரும் கையெழுத்திட்டால், கிரேடு நிறுத்தப்படும். அந்த ஊழியர் அன்றே வீட்டுக்குப் போக வேண்டும். எங்கள் பட்டியலில் இருக்கும் வேறு எந்த ஹோமும் அவரை எடுக்காது.

திட்டிய மௌஷியின் பெயர் சந்தனமாரி. தாராவியிலிருந்து வருகிறவள். திட்டு வாங்கியவர் தங்கதுரை அண்ணாச்சி. ஆண்டாப் ஹில்லில் மளிகைக் கடை வைத்திருந்தவர். ஸ்ட்ரோக்கில் வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. மிஞ்சியது ஒரே வார்த்தை: மூதி. இது அதிசயமில்லை. மூளையில் பேச்சுக்கான இடம் அடிபட்டாலும், பழக்கத்தில் ஊறிய வசவும் ஜெபமும் பாட்டும் சில பேருக்குத் தப்பிவிடும். அண்ணாச்சிக்கு ஜெபம் தப்பவில்லை.

"கேட்டியாம்மா?" என்றார் சார். "வயசானவரைப் போய் மூதேவிங்கறா."

"சார், அது எங்க ஊர்ப் பேச்சு."

"உங்க ஊர்ல மூதேவின்னா மகாலட்சுமியா?"

"மூதேவியேதான் சார். ஆனா வெர்பைக் கேளுங்க."

சந்தனமாரி அண்ணாச்சியின் இடது பக்கம், அவர் கண்ணுக்கு நேராக உட்கார்ந்திருந்தாள். "வாயத் தொறயும்வே, சவத்து மூதி. கடையில ஆளுகள நிக்க வச்சமாரி என்னையும் நிக்க வைக்கீராக்கும்?" என்றாள். அண்ணாச்சி சந்தோஷமாக, "மூதி" என்றார். இருவரும் சிரித்தார்கள். அவர் சிரித்து முடிக்கும் வரை அவள் ஸ்பூனைத் தூக்கவில்லை. பிறகு கொடுத்தாள். "மெள்ள முழுங்கும்" என்றாள். தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்தாள். கன்னத்தில் சோறு ஒதுங்கியிருக்கிறதா என்று பார்த்தாள். விழுங்கச் சிரமப்படுகிறவருக்கு ஊட்டும் முறை அதுதான். நான் ஒரு குறையும் காணவில்லை.

சாரைத் தள்ளிக் கூட்டிப்போய் விளக்கினேன். எங்கள் பக்கத்தில் 'தின்னுல' என்றால் அது திட்டு. 'தின்னும்வே' என்றால் மரியாதை. "கூப்பிடறதுதான் சார் வசவு. அதுக்கப்புறம் வர்றது முழுக்க மரியாதை."

"இலக்கண கிளாஸ் எடுக்காதே. ஃபார்ம்ல வெர்புக்குன்னு காலமும் கிடையாது, கட்டமும் கிடையாது."

வினைக்குக் காலம் உண்டு என்றுதான் தாராவி முனிசிபல் தமிழ்ப் பள்ளியில் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். நான் மறுபடியும் லினன் அலமாரிக்குப் போக வேண்டியதாயிற்று.

திரும்பி வந்தபோது வந்தனா தாய் கலங்கிய கண்ணுடன் நின்றிருந்தார். "மாரியை அனுப்பணுமா?" என்று ஹிந்தியில் கேட்டார். சந்தனமாரிக்கும் விஷயம் புரிந்துவிட்டது. கையில் கிண்ணத்தோடு எழுந்து, "நான் போறது பெருசில்ல மேடம்" என்றாள். "இவரு ராத்திரி யாருகிட்ட சாப்பிடுவாரு?"

3. வசனம் சாருடையது

"மரியாதையாச் சொன்னா யாரா இருந்தாலும் சாப்பிடுவா" என்றார் சார். "நான் சொல்றேன் பார்."

மதிப்பீட்டுக்குப் போகிறவர்கள் ஊட்டக் கூடாது. அது விதி. எனவே ஸ்பூன் சந்தனமாரியிடம், வசனம் சாரிடம் என்று ஏற்பாடு செய்தேன். டப்பிங் படம் மாதிரி இருந்தது.

"அண்ணா, ஒரு வாய் சாப்பிடுங்கோ. பருப்பு ஜாதம் பேஷா இருக்கு."

அண்ணாச்சி வாயை மூடிக்கொண்டார்.

"உங்களுக்கு என்ன பிடிக்கும்? சும்மா கையைக் காட்டுங்கோ போரும்."

அண்ணாச்சி கண்ணையும் மூடிக்கொண்டார்.

"இப்படிப் பேசுனா அவருக்கு ஆஸ்பத்திரி நெனப்பு வந்துருது சார்" என்றாள் சந்தனமாரி. "அங்கதான் எல்லாரும் பதனமாப் பேசிப் பேசி ஊசி போட்டாவ."

"பின்னே எப்படிப் பேசணுமாம்?"

"ஏசணும்."

"நானா?"

"ஒரே ஒரு தடவ. இப்ப வாயில சோறு இல்ல. ஏசலாம்."

சார் என்னைப் பார்த்தார். நான் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, "அப்சர்வேஷன் டைம் இன்னும் பாக்கி இருக்கு சார்" என்றேன்.

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். தொண்டையைச் செருமினார். குனிந்து, மிகுந்த பணிவோடு சொன்னார்: "சவத்து... மூதி. கொஞ்சம் சாப்பிடுங்கோ."

அண்ணாச்சி ஒரு கண்ணைத் திறந்தார். பிறகு மற்றதை. சாரின் டையைப் பார்த்தார், சந்தனமாரியைப் பார்த்தார். இடது தோள் குலுங்கத் தொடங்கியது. கட்டிலே ஆடியது. சிரிப்பு அடங்கியதும் சாரை நேராகப் பார்த்து, தெளிவாகச் சொன்னார்:

"போவே மூதி."

சந்தனமாரி கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள். "ரெண்டு வார்த்த" என்றாள். "மேடம், ரெண்டு வார்த்த சேத்துச் சொல்லிட்டாரு." சொல்லிவிட்டு அழுதாள். அழுகைக்கு நடுவே சிரித்தாள். வந்தனா தாய், அவர் என்ன சொன்னார் என்று புரியாமல், "க்யா போலா? க்யா போலா?" என்று எல்லோர் கையையும் பிடித்து உலுக்கினார்.

"என்னையா திட்டறார்?" என்றார் சார்.

"மரியாதையாத்தான் சார். 'வே' போட்டிருக்கார்."

பிறகு, நிதானமாகவே, ஒரு நடைமுறைச் சிக்கலை அவருக்கு நினைவூட்டினேன். சிவப்புக் கட்டத்தை நிரப்பினால் நேரில் கேட்டது எல்லாவற்றையும் எழுத வேண்டும். இங்கே ஒரு பெரியவரைத் திட்டியவர்கள் இப்போது இரண்டு பேர். அதில் ஒருவர் டை கட்டியிருக்கிறார்.

சார் பேனாவைச் சட்டைப் பையில் செருகினார். அப்புறம் அவரும் லினன் அலமாரிப் பக்கம் போனார். அலமாரி குலுங்கியது.

4. சிரிப்புக்குப் பிறகு செய்தவை

இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். அறையே சிரித்தது என்பது ஆதாரமாகாது. பயத்தில் சிரிக்கிறவர்களும் உண்டு.

முதலில், சந்தனமாரி மற்றவர்களிடம் எப்படிப் பேசுகிறாள் என்று கவனித்தேன். பக்கத்துக் கட்டில் ரிட்டயர்டு டீச்சரிடம், "டீச்சர், கையக் கழுவிக்கிடுதீயளா?" என்றாள். இன்னொரு குஜராத்தி அம்மாளிடம் அக்கா என்பதுபோல் 'பென்' போட்டு ஹிந்தியில் பேசினாள். மூதி அண்ணாச்சிக்கு மட்டும்தான்.

அடுத்து, அவளையும் வந்தனா தாயையும் வெளியே அனுப்பிவிட்டு அண்ணாச்சியிடமே கேட்டேன். பேச்சில்லாதவரிடம் கேட்கும்போது ஆம், இல்லை என்பதை அவர் சரியாகக் காட்டுகிறாரா என்று முதலில் சோதிக்க வேண்டும். "உங்க பேரு வெங்கட்ராமனா?" என்றேன். அண்ணாச்சி சாரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அந்த அவமானத்தை ஏற்க முடியாதவர்போல் கையை வேகமாக ஆட்டினார். தங்கதுரையா என்றதும் தலையாட்டினார். சந்தனமாரி ஏசுவதை நிறுத்தச் சொல்லட்டுமா? கை ஆடியது. அவள் இப்படியே பேசலாமா? தலை ஆடியது. கேள்வியைத் திருப்பிப் போட்டும் பதில் மாறவில்லை.

கடைசியாக, பாண்டுப்பில் இருக்கும் அவர் மகளுக்கு போன் செய்தோம். ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஏசுதாளா? நல்லா ஏசச் சொல்லுங்க மேடம்" என்றார் அந்தப் பெண். "கடையில அப்பாவும் எதுத்த கடை மாமாவும் அப்படித்தான். என்னைக்கு மூதின்னு கூப்பிடலியோ அன்னைக்கு ரெண்டு பேருக்கும் சண்டைன்னு அர்த்தம்."

சார் சிவப்புக் கட்டத்தில் குறுக்கே கோடு போட்டுக் கையெழுத்திட்டார். நானும் இட்டேன். ஒரு சிறு குறை மட்டும் எழுதினோம்: இவ்வளவு முக்கியமான விஷயம் கேர் பிளானில் இல்லை. சந்தனமாரி லீவு போட்டால் அண்ணாச்சி பட்டினி கிடக்கக் கூடாது.

"அப்போ இப்பவே எழுதிடலாம்" என்று வந்தனா தாய் பேனாவோடு உட்கார்ந்தார். எங்கள் கம்பெனியின் வரலாற்றிலேயே வசவுக்கு விதிமுறை எழுதியது அன்றுதான் என்று சார் பிறகு எல்லோரிடமும் சொல்லித் திரிந்தார். விதிமுறை இது:

ஒன்று, வாயில் சோறு இருக்கும்போது ஏசக் கூடாது.
இரண்டு, முடிவில் 'வே' கட்டாயம்.
மூன்று, 'ஏல' கூடாது.
நான்கு, வேறு யாரிடமும் கூடாது.
ஐந்து, அண்ணாச்சி சிரிக்காவிட்டால் உடனே நிறுத்திவிட்டு சிஸ்டரிடம் சொல்ல வேண்டும்.

ஐந்தாவதை நான் மருத்துவக் காரணத்துக்காகச் சேர்த்தேன். முகம் திடீரென்று மாறினால் இன்னொரு ஸ்ட்ரோக்காகவும் இருக்கலாம். ஹிந்தி எழுத்தில் எழுதச் சொன்னார்கள், எழுதினேன். இரண்டு மராட்டி மௌஷிகள் அதை வைத்துக்கொண்டு காரிடாரில், "சவத்து மூதி, தின்னும்பே" என்று பாடம் படித்தார்கள். பே இல்லை, வே என்று வெங்கட்ராமன் சார் திருத்திக்கொண்டிருந்தார்.

சந்தனமாரிக்கு விதிகளை வாசித்துக் காட்டினேன். தலையாட்டிக்கொண்டே வந்தவள் ஐந்தாவதில் நிறுத்தினாள்.

"இது எதுக்கு மேடம்? அவரு சிரிக்கலன்னா நான் ஏன் ஏசப் போறேன்?"

அதற்குப் பிறகு எத்தனையோ ஹோம்களுக்குப் போய்விட்டேன். எங்கேயோ ஓர் இடத்தில், ஒரு ஊழியர் ஒரு வயதான அம்மாளிடம் தேனாகக் குழைந்து, "டார்லிங், சாப்பிடலாமா?" என்றார். ஒரு கடுஞ்சொல் இல்லை. அந்த அம்மாள் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். நேரம் எடுத்துத்தான் சொன்னார்: யாரும் இல்லாத ராத்திரியில் அதே வாய் வேறு மாதிரிப் பேசுமாம். அன்று சிவப்புக் கட்டத்தை நிரப்பினேன். சார் ஒரு கேள்வியும் கேட்காமல் கையெழுத்திட்டார்.