கொப்ளென்ஸில் இறங்காத பவளம் அக்கா

பவளம் அக்கா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் டென்மார்க்கின் கோல்டிங் நகரில் ஒரு வீடு குடிபுகுதலுக்குப் போய், கார் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தேன். பட்டுச்சேலை உடுத்தியிருந்தேன். பின் ஆசனத்தில் ஒரு பெரிய சட்டி கத்தரிக்காய்ப் பால்கறி இருந்தது. அழைத்தது அக்காவின் மகள் ஆரணி. டென்மார்க்கில் பிறந்த பிள்ளை. என்னோடு எப்போதும் டேனிஷில்தான் பேசுவாள். அன்று தமிழில் சொன்னாள்: "அன்ரி, அம்மா போட்டா. விடிய எழுப்பப் போனன், எழும்பேல்லை." மங்கல வீட்டு வாசலில் மரணச் செய்தி சொல்லக்கூடாது என்பதால் சட்டியை மட்டும் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். "வந்தனீங்கள், உள்ளுக்கு வராமல் போறியளோ?" என்று வீட்டுக்காரர் முகத்தைச் சுளித்தார்கள். எங்கள் ஊரான ஹேர்னிங் வரும்வரை அழுதுகொண்டே கார் ஓட்டினேன்.

அக்காவை அறிந்த உங்களுக்குச் சொல்கிறேன், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி அன்று வெளியிடும் நினைவு மலருக்கு என்னையும் எழுதச் சொன்னார்கள். கேட்ட உறவினர் நல்ல மனிதர்தான். ஆனால் தொலைபேசியை வைக்கும் முன் குரலைத் தாழ்த்தி ஒன்று சொன்னார்: "எல்லாத்தையும் எழுதுங்கோ. அந்தக் கப்பல் கதையை மட்டும் விட்டிடுங்கோ. அக்காவின்ரை தம்பியும் சபையிலை இருப்பார்." ஏற்கெனவே எழுதி வைத்திருந்த முன்னுரையையும் வாசித்துக் காட்டினார். 'சுற்றம் பேணுவதையே வாழ்வாகக் கொண்டவர்' என்று அதில் இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கப்பலை விட்டுவிட்டு எழுதினால் அது வேறு யாரோ ஒரு பெண்ணுக்கான மலர். அவர் வாழ்ந்தபடி அவரை நினைக்க விடமாட்டீர்கள் என்றால் எதற்கு மலர்? அச்சிட மனமில்லாவிட்டால் மண்டபத்தில் எழுந்து நின்று வாசிப்பேன். என் தொண்டைக்கு ஒலிவாங்கி தேவையில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

ஹேர்னிங் தையல் தொழிற்சாலையில் எங்கள் இயந்திரங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. அது மூடியபின் இருவரும் ஒரே முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். அங்கே ஒரு டேனிஷ் கிழவர், அக்கா தன்னைத் தொட்டுக் குளிப்பாட்டக்கூடாது என்று அடம்பிடித்தார். வேறொருவர் என்றால் அழுதிருப்பார், அல்லது முறையிட்டிருப்பார். அக்கா, "நல்லது, நீங்களே குளியுங்கள். நான் சவர்க்காரம் பிடிக்கிறேன்" என்று டேனிஷில் சொல்லிவிட்டுக் குளியலறையில் போய் நின்றார். கிழவர் தானே குளித்தார், அக்கா சவர்க்காரம் பிடித்தார். ஒரு வருடம் அப்படியே நடந்தது. "நானும் போகேல்லை, அவரும் தொட விடேல்லை. ரெண்டு பேருக்கும் சுகம்" என்பார்.

இனி அந்தத் தம்பியைப் பற்றி. அக்காவுக்கு ஒரே தம்பி. அவரை ஜேர்மனிக்கு எடுத்து விட்டவர் அக்கா. அவருடைய கலியாணத்துக்குத் தாய் நிலையில் நின்றவரும் அக்காதான். அதன்பின் முப்பது வருடம் அக்காவின் கோடை விடுமுறையெல்லாம் ஜேர்மனிக்குத்தான். தம்பி பிள்ளைகளின் பிறந்தநாள், பெண்பிள்ளை பெரியவளான சாமத்தியவீடு, தம்பி மனைவியின் தங்கைக்குக் கலியாணம், அந்தத் தங்கையின் மாமனாருக்கு அந்தியேட்டி. ஒரு வருடம் ஒரே கிழமையில், ஏழு நாளுக்குள், மூன்று கலியாணமும் ஒரு சாமத்தியவீடும் பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை காலை வேலைக்கு வந்தார். கையில் மருதாணி, கண்ணுக்குக் கீழே கருவளையம். ஜேர்மனி எப்படி இருந்தது என்று ஒரு டேனிஷ்காரி கேட்டாள். அக்கா என்னிடம் தமிழில் சொன்னார்: "எனக்குத் தெரிஞ்ச ஜேர்மனி ஓட்டோபான் றோட்டும் மண்டபமும்தான். மண்டபத்துக்கு யன்னலும் இல்லை."

சிரிக்காதீர்கள். நீங்களும் நானும் அப்படித்தான். நாற்பது வருடமாக ஐரோப்பாவில் இருக்கிறோம். பாரிஸ் என்றால் சித்தப்பா வீடு, சூரிச் என்றால் பெரியம்மாவின் மகன் வீடு. எந்த நகரத்திலும் எந்த மண்டபத்துக்குக் கார் நிறுத்த வசதி உண்டு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வோம். அந்த நகரத்தில் ஆறு ஓடுகிறதா என்று கேட்டால் முழிப்போம்.

அக்கா ஓய்வு பெற்றபோது ஆரணி கேட்டாள், அம்மாவுக்கு என்ன வேணும் என்று. "ஒரு ஆறு பாக்கவேணும். ஒருத்தற்றை வீட்டுக்கும் போகாமல்" என்றார். றைன் நதியில் ஐந்து நாள் கப்பல் பயணத்துக்கு எங்கள் இருவருக்கும் இடம் பதிந்தாள் ஆரணி. கணவனை இழந்த அக்காவும் கணவனை விட்டுவந்த நானும். புறப்பட ஒரு மாதம் இருக்கும்போதே அக்கா என்னிடம் சத்தியம் வாங்கினார். "ஜேர்மனியாலை போறம் எண்டு ஒருத்தருக்கும் வாய் திறக்காதையும். ஒரு ஆளுக்குத் தெரிஞ்சால் எல்லாருக்கும் தெரியும். பிறகு அது பயணம் இல்லை, விருந்து."

வாயைத் திறந்தது நான்தான். இதை இன்றுவரை வெளியில் சொன்னதில்லை. ஜேர்மனியில் டோட்முண்டில் இருக்கும் என் மச்சாளிடம், ஆற்றுக் கரையில் குளிருமா, சுவெட்டர் எடுப்பதா என்று கேட்கத் தொலைபேசி எடுத்தேன். அவ்வளவுதான். சுவெட்டரைப் பற்றி மச்சாள் ஒன்றும் சொல்லவில்லை. பொழுதுபடும் முன்பு ஜேர்மனி முழுக்கத் தெரிந்துவிட்டது.

கொலோனில் கப்பல் ஏறினோம். முதல் நாள் அக்கா மேல்தட்டை விட்டு அசையவில்லை. ஆறு அவர் நினைத்ததைவிடப் பெரிதாக இருந்தது. நிலக்கரி ஏற்றிய படகுகள் தண்ணீர் மட்டத்துக்குத் தாழ்ந்து எதிரே வந்தன, ஒரு படகின் பின்பக்கம் யாரோ உடுப்புக் காயப் போட்டிருந்தார்கள். "இதுகும் ஒரு குடித்தனம்" என்றார். அதுதான் அன்றைய பேச்சு. அடுத்த நாள் காலையில் கொப்ளென்ஸ். அங்கிருந்துதான் பள்ளத்தாக்கு தொடங்குகிறது. இரண்டு பக்கமும் மலை, திராட்சைத் தோட்டம், ஒவ்வொரு வளைவிலும் ஒரு கோட்டை. அந்த ஐந்து மணி நேரத்துக்காகத்தான் மற்ற நாட்கள் என்று கப்பலில் எல்லாரும் சொன்னார்கள்.

கொப்ளென்ஸ் துறையில் தம்பி நின்றார், பக்கத்தில்தான் அவர் வீடு. வேலைக்கு லீவு போட்டுவிட்டு, மனைவியுடன், இரண்டு காருடன். "அக்கா, இறங்கி வாங்கோ. ஆடு அடிச்சுக் கறி வைச்சிருக்கு. பின்னேரம் கப்பல் பள்ளத்தாக்கு முடியிற ரூடெஸ்ஹைமிலைதானே நிக்கும், நான் கொண்டுபோய் ஏத்திவிடுறன்." அன்போடுதான் கூப்பிட்டார், அதையும் எழுதத்தான் வேண்டும். அக்கா மேல்தட்டுக் கம்பியைப் பிடித்தபடி என்னை ஒரு பார்வை பார்த்தார். யார் வாயைத் திறந்தது என்று அவருக்கு அப்போதே விளங்கிவிட்டது. பிறகு கீழே பார்த்துச் சொன்னார்: "மாட்டன், தம்பி."

"ஏன் அக்கா?"

"மாட்டன்."

"வீட்டு வாசலுக்கு வந்திட்டு வராமல் போறதெண்டால், ஆக்கள் என்ன கதைப்பினம்?"

"கதைக்கட்டும். நான் ஆறு பாக்க வந்தனான்."

தம்பியின் முகம் கறுத்துவிட்டது. சமைத்து வைத்த வீட்டுக்கு யாரும் போகாமல் இருப்பதா? குற்றவாளியும் நான்தானே. அதனால் உலகத்தில் எங்கள் ஆட்களைத் தவிர வேறு எவரும் செய்யாத ஒரு வேலையைச் செய்தேன். அக்காவுக்குப் பதிலாக நான் இறங்கிப் போனேன். அக்கா தடுக்கவில்லை. "வயிறு நிறையச் சாப்பிட்டு வாரும்" என்று மட்டும் சொன்னார்.

சாப்பிட்டேன். பதினோரு கறி. யாரும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. தம்பி மூத்த மகனின் கலியாண வீடியோவைப் போட்டுவிட்டு, அதில் அக்கா வரும் இடங்களில் எழுந்து வெளியே போனார். யன்னல் திரை இழுத்து மூடியிருந்தது, வெளிச்சத்தில் படம் தெரியாது என்று. பிறகு என்னை ரூடெஸ்ஹைமுக்கு ஏற்றிப்போனார். பாதை மலைக்கு மேலால் போகிறது, இருபக்கமும் சத்தத் தடுப்புச் சுவர். துறை வரும்வரை ஆறு ஒரு இடத்திலும் தெரியவில்லை. துறையில் அக்கா மேலே நின்று கையசைத்தார். தம்பி பார்த்துவிட்டுக் காரில் ஏறினார். "இனி எனக்கு அக்கா எண்டு ஒருத்தர் இல்லை" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் கதவைச் சாத்தினார்.

அந்த ஐந்து மணி நேரமும் அக்கா என்ன செய்தார் என்று எனக்குச் சொன்னவர்கள், கப்பலில் வந்த ஒரு டேனிஷ் தம்பதி. அக்கா மதியச் சாப்பாட்டுக்குக் கீழே இறங்கவில்லையாம். மழை தூறியபோதும் போகவில்லையாம். அவர்கள்தான் குடை பிடித்தார்களாம். ஒவ்வொரு வளைவு வரும்போதும் நாற்காலியை விட்டு எழுந்து நின்றாராம். கரையில் போன ரயிலுக்கும், கூடாரம் அடித்திருந்தவர்களுக்கும், திராட்சைத் தோட்டத்துச் சரிவில் கயிறு கட்டி வேலை செய்தவர்களுக்கும் கையசைத்தாராம். ஆற்றின் நடுவே பாறை மேல் நிற்கும் ஒரு கோட்டையைக் கண்டு, அதில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாராம். இப்போது ஒருவரும் இல்லை என்றார்களாம். "அப்படியென்றால் ஏன் வரவில்லை என்று கேட்கவும் ஒருவரும் இல்லை" என்று சொல்லிவிட்டு அக்கா சிரித்த சிரிப்பை அந்த மனுசி எனக்கு நடித்துக் காட்டினாள். அவளுக்கு அந்தச் சிரிப்பின் காரணம் விளங்கவில்லை. நான் அறைக்குள் போய் அழுதேன்.

அக்கா என்னை ஏசவில்லை. அது ஏசுவதைவிட மோசமாக இருந்தது. அன்றிரவுச் சாப்பாட்டில், "எப்படி அக்கா இருந்தது?" என்று கேட்டேன். "சொல்லமாட்டன். நீர் ஒருநாள் வந்து பாரும்" என்றார். அதற்குப் பிறகு எத்தனை தடவை கேட்டும் அதே பதில்தான்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும், ஏனென்றால் நடத்தியவர்கள் நீங்கள். கோயிலில் அவரைக் கண்டால் குசுகுசுத்தீர்கள். தம்பியை விட்டு ஆறு பார்க்கப் போன பெரிய மனுசி என்றீர்கள். மூன்று வருடம் தம்பி டென்மார்க் பக்கம் வரவில்லை. அக்கா ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அவருக்குத் தொலைபேசி எடுத்தார், அவர் எடுக்கவில்லை. ஒரு மன்னிப்புக் கேட்டால் முடிந்துவிடுமே என்று நானே சொன்னேன். சமையலறையில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியை வைத்துவிட்டுச் சொன்னார்: "மன்னிப்புக் கேக்கிறதெண்டால் அந்த ஆத்திட்டைத்தான் கேக்கவேணும், முப்பது வரியமா பக்கத்தாலை போய்வந்தும் எட்டிப் பாக்கேல்லை எண்டு. தம்பியிலை எனக்குப் பாசம் இல்லை எண்டு ஆர் சொன்னது? பாசம் இருக்கிறபடியாத்தான் ரெலிபோன் எடுக்கிறன்." அவருக்கு வலிக்கவில்லை என்று நினைக்காதீர்கள். நிறைய வலித்தது. ஆனால் செய்தது பிழை என்று அவர் ஒரு நாளும் சொல்லவில்லை. நானும் சொல்லப்போவதில்லை.

தகனத்தன்று தம்பி வந்தார். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று விக்கி விக்கி அழுதார். எல்லாம் முடிந்து கார் நிறுத்துமிடத்தில் நான் கைப்பைக்குள் கார்த் திறப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது என்னிடம் வந்தார். "உங்களிட்டை ஒண்டு கேக்கவேணும். எங்களை விட்டிட்டு அவ பாக்கவேணும் எண்டு நிண்ட அளவுக்கு, அங்கை அப்பிடி என்ன இருந்தது?"

"எனக்கு எப்பிடித் தெரியும் தம்பி?" என்றேன். "நான் உங்கடை வீட்டிலை சாப்பிட்டுக்கொண்டிருந்தனான்."

கோபிப்பார் என்று நினைத்தேன். கோபிக்கவில்லை. அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து கால் மணி நேரத் தூரத்தில் முப்பது வருடமாக இருப்பவர், "நானும் ஒருநாளும் பாக்கேல்லை" என்றார்.

பவளம் அக்காவிடமிருந்து நான் வைத்திருப்பது சேலையோ படமோ இல்லை. எங்கள் பெண்கள் எவரும் காரணம் சேர்க்காமல் சொல்லத் துணியாத அந்த 'மாட்டன்' மட்டும்தான். நாங்கள் மறுப்பதென்றால் தலையிடி வரவேண்டும், வேலை வரவேண்டும், கார் பழுதாக வேண்டும். அக்கா ஒரு பொய்யும் சொல்லாமல், ஒருவரையும் வெறுக்காமல், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று அதைச் சொன்னார். வருகிற ஆவணியில் ஸ்ருட்கார்ட்டில் என் பெறாமகளுக்கு, சகோதரி பிள்ளைக்கு, கலியாணம். அழைப்பிதழ் வந்துவிட்டது. அதே கிழமையில் அந்தப் பள்ளத்தாக்கு வழியே போகும் கப்பலில் எனக்கும் ஒரு இடம் பதிந்திருக்கிறேன். இதை வாசித்துத்தான் என் சொந்தக்காரர் அறியப்போகிறார்கள். பிள்ளை, நூறாண்டு வாழு. நான் வரமாட்டன்.