கொக்குவிலில் இறக்கம்

மினிபஸ்ஸை நிறுத்தச் சொல்லி "இறக்கம்" என்று கேட்க எனக்கு வாய் வராது. வேறு யாராவது இறங்கும் இடத்தில் நானும் இறங்கி, மிச்சத் தூரத்தை நடப்பதுதான் வழக்கம்.

இன்று கொக்குவிலில் ஒரு மோட்டார் சைக்கிள் கராஜில் வேலை பழகப் போகும் முதல் நாள். தெல்லிப்பழையில் யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் ஏறினேன்.

பக்கத்து வீட்டு அன்ரியும் அதே பஸ்ஸில் இருந்தார்.

"பள்ளிக்கூடத்தாலை நிண்டிட்டு இப்ப கராஜுக்குப் போறியாமே? அங்கை முழுக்க ஆம்பிளைப் பெடியள். பயமில்லையே பிள்ளை?"

"பயம்தான் அன்ரி."

"பேந்தேன் அங்கை போறாய்? என்னோடை யாழ்ப்பாணம் வா. தெரிஞ்ச புடவைக்கடை ஒண்டிலை கேட்டு விடுறன். கதிரையிலை இருந்து பில் போடலாம்."

கொக்குவில் நெருங்கியது. ஒருவரும் எழும்பவில்லை. பாட்டு வேறு அலறியது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், பஸ் கராஜைத் தாண்டிவிடும். இன்று போகாவிட்டால் நாளைக்கும் போக மாட்டேன் என்று எனக்கே தெரியும்.

"அண்ணை, இறக்கம்."

பாட்டையும் மீறிப் போனது என் குரல். பஸ் குலுங்கி நின்றது. கொண்டக்டர் திரும்பிப் பார்த்து, "தங்கச்சி, எங்களுக்குக் காது கேக்கும்" என்றார்.

"ஏன் பிள்ளை உப்பிடிக் கத்துறாய்?" என்றார் அன்ரி.

"கராஜிலை இதைவிடச் சத்தம் அன்ரி. இப்பவே பழகிறன்."

பயத்தோடுதான் இறங்கினேன். பின்னேரம் கை முழுக்கக் கிறீஸ். நாளைக்கும் போகிறேன்.

இறக்கம் சொல்ல வெட்கப்பட்டு அடுத்த பஸ் தரிப்பில் இறங்கி நடந்தவர்கள் கீழே கொமென்ட்டில் சொல்லுங்கள். இங்கே கத்தத் தேவையில்லை.